சாங்கித் திணை: ஓர் இலக்கண விசாரணை

மெல்பர்னில் மாஸ்டர்ஸ் படித்துவிட்டு டிசம்பரில் சென்னை திரும்பும் தமிழ் மாணவன், விமானம் மாறுவதற்காகச் சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம் இறக்கிவிடப்படுகிறான். இந்த ஒன்பது மணி நேரம் எந்தத் திணையைச் சேர்ந்தது என்று இதுவரை யாரும் தீர்மானிக்காததால், அப்பொறுப்பை நாமே ஏற்கவேண்டியதாகிறது.

பாலை என்று சொல்லிவிடத்தான் முதலில் கை பரபரக்கும். தொல்காப்பியர் அதை நடுவுநிலைத் திணை என்கிறார். கிளம்பிய ஊருக்கும் போகிற ஊருக்கும் நடுவே கிடப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி வாய்க்காது. பிரிவுக்குரிய காரணங்களைச் சொல்லும்போதும் அவர் ஓதலைத்தான் முதலில் வைக்கிறார். கல்விக்கடனுக்குக் கையெழுத்துப் போட்ட அப்பாக்கள் இதைக் கவனிக்கவும்.

ஆனால் நிலம் இடிக்கிறது. சாங்கி விமான நிலையத்தின் ஜுவெல் கட்டடத்தில் 2019 முதல் கூரையிலிருந்து 40 மீட்டர் உயர அருவி ஒன்று கொட்டுகிறது. கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது. அருவி என்றால் குறிஞ்சி, குறிஞ்சி என்றால் புணர்தல். நம் மாணவன்மேல் அப்படியொரு பழியைச் சுமத்த ஆதாரம் கிடைக்கவில்லை. அவன் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறான், அவ்வளவுதான்.

பொழுதும் ஒத்துழைப்பதாக இல்லை. பெரும்பொழுது வேனில் என்பதில் தகராறு கிடையாது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகைக்குள் கிடக்கும் ஊரில் வேறென்ன இருக்கும்? டிசம்பரில் அது நனைந்த வேனில். சிறுபொழுதுதான் குழப்புகிறது. சிங்கப்பூரில் பிற்பகல் 2 மணி. மாணவனின் உடம்பு இன்னும் மெல்பர்ன் கோடை நேரத்தில் ஓடுவதால் அதற்கு மாலை 5. சென்னையில் 11.30, அங்கிருந்து அம்மா போன் செய்து, "காலைல என்னடா சாப்ட்ட?" என்கிறார். எந்தக் காலை என்று கேட்க அவனுக்குத் தைரியமில்லை.

அடுத்தது கருப்பொருள். பாலைக்குத் தொல்காப்பியர் தெய்வம் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் கொற்றவையைக் கொண்டுவந்தார்கள். அந்த இடத்துக்கு யுனிவர்சல் அடாப்டரை முன்மொழிகிறேன். ஆஸ்திரேலிய சார்ஜருக்குக் கால்கள் சாய்ந்த தகடு, இந்திய சார்ஜருக்கு உருண்டைக் கம்பி. சிங்கப்பூர்ச் சுவரோ மூன்று செவ்வகக் கால்களைத்தான் ஏற்கும். பையில் இரண்டு சார்ஜர் இருந்தும் நாலு சதவீத பேட்டரியோடு நிற்பவனின் முகத்தில் தெரியும் பக்தியைக் கோயில்களில்கூடக் காணமுடியாது. மா என்ற இடத்தில் மெர்லயன்: 8.6 மீட்டர், 1972இல் நிறுவப்பட்டது, தலை சிங்கம், உடல் மீன், வாயில் தண்ணீர். பறைக்கு நான்கு மொழிகளில் வரும் ரயில் அறிவிப்பு. யாழுக்கு ஒரு காதில் மட்டும் வேலை செய்யும் இயர்போன்.

உணவில்தான் இந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குச் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும்; செல்லுபடியாகும் ஆஸ்திரேலிய விசா கையில் இருந்தால் வேறு நாட்டுக்குப் போகும் வழியில் 96 மணி நேரம் வரை விசா இல்லாமலே தங்கலாம். இந்தச் சலுகையைப் பயன்படுத்தி, குடிநுழைவு வரிசையில் நின்று, எக்ஸ்போவில் ரயில் மாறி, லிட்டில் இந்தியாவில் ஏறிவந்து, ஒரு பன்னாட்டு மாநகரமே தன்முன் விரிந்து கிடக்க, மாணவன் செய்வது என்ன? செராங்கூன் ரோட்டில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸையோ அதன் அக்கம்பக்கத்தையோ தேடிப்போய்த் தோசை தின்கிறான். நிஜத் தோசை நாலு மணி நேரப் பறப்பில் காத்திருக்கிறது.

"தம்பி, சாதாவா மசாலாவா?"

"ரெண்டும்ணே."

சட்னி முதல் தோசையிலேயே தீர்ந்துவிடுகிறது. இரண்டாவதைச் சாம்பாரில் ஊறப்போட்டு, விரலால் தட்டை வழிக்கும்போது அம்மா வீடியோ காலில் வருகிறார். "மாவு ஆட்டி வெச்சிருக்கேன், நீ அங்க உக்காந்து தோசை திங்கிறியா?"

இதற்கு நாக்கு செத்துப்போனதே காரணம் என்பார்கள் மேம்போக்கான ஆய்வாளர்கள். நான் ஏற்கவில்லை. வீட்டில் அவன் தின்னும் முதல் வேளை ஒரு விசாரணைக் கமிஷன். ஆறு தோசை உள்ளே போனால், "அங்க பட்டினியா கெடந்திருக்கான், எளச்சுப் போயிட்டான்." இரண்டோடு எழுந்தால், "வெளிநாட்டுச் சாப்பாடு பழகிப்போச்சு." தண்டனை இல்லாத எண்ணிக்கை நான்கு. பசியை அந்த நான்குக்குக் கொண்டுவந்து நிறுத்துவதற்கான பட்டறைதான் செராங்கூன் ரோடு.

இனி உரிப்பொருள். ஊர் திரும்புகிறவனுக்குப் பிரிதல் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பெரியம்மாவின் வாட்ஸ்அப் செய்தியைப் படித்தவர்கள் கேட்கமாட்டார்கள். கோடாலித் தைலம் ஆறு புட்டி. அவர்கள் வீட்டில் மூட்டுவலிக்கு வேறு மருந்து கிடையாது. பெரிய புட்டியே 56 மில்லிதான் என்பதால் கைப்பையின் 100 மில்லி வரம்பு பற்றிக் கவலையில்லை; கவலை அந்தப் பையின் 7 கிலோ வரம்பு. ஆறு புட்டிக்கு இடம் பண்ண எதைப் பிரிவது? கடைசியில் பிரியப்படுவது மாணவன் ஆசையாய் வாங்கிய ஷூவின் அட்டைப்பெட்டி.

ஓதற்பிரிவு மூன்றாண்டைத் தாண்டக்கூடாது என்றும் தொல்காப்பியம் வரம்பு கட்டியிருக்கிறது. இரண்டாண்டு மாஸ்டர்ஸ்காரர்கள் இலக்கணத்துக்குள் அடங்குகிறார்கள். நாலாம் ஆண்டு முனைவர் பட்ட மாணவர்கள் அடங்கவில்லை. அவர்களும் இதே வழியில்தான் வருகிறார்கள், ஆனால் நகரத்துக்குள் போவதில்லை. டிரான்சிட்டிலேயே சாய்வு நாற்காலி பிடித்து, ஷூவைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார்கள். "தீசிஸ் எப்பப்பா முடியும்?" என்று கேட்கும் சென்னைக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது.