கையோடு கையாகப் பேர்வழி

கையோடு கையாகப் பேர்வழி கோயம்புத்தூரில் பரவலாகவும் மற்ற ஊர்களில் ஆங்காங்கேயும் காணப்படுபவர். வயது முப்பத்தைந்துக்கு மேல். வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கும். ஒன்று தினமும் ஓடும், மற்றது போர்வை போர்த்தியிருக்கும். போர்வைக்குள் இருப்பதைத்தான் அவர் கார் என்பார். ஓடுவது வெறும் வண்டி. அந்தக் கார் பெரும்பாலும் 2000-களின் நடுவில் இங்கே விற்ற ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். ஆக இருக்கும்: 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 150 குதிரைத்திறன். ஐரோப்பாவில் இதே வகைக்கு 180. முப்பது குதிரைகள் கப்பலேறாமல் போனது அவருக்கு இன்னும் ஆறாத புண். லேப்டாப்போடு வரும் ஒருவரைப் பிடித்து எஞ்சினின் மென்பொருளை மாற்றி அந்தப் புண்ணை ஆற்றிக்கொள்வார். கிளட்ச்சுக்குப் புண் வருவது அதற்கு அடுத்து.

கம்பெனி வைத்த கிளட்ச், கம்பெனி கொடுத்த இழுவைக்கு அளவெடுத்தது. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி ஆக்சிலேட்டரை நான்காம் கியரில் மிதித்தால் எஞ்சின் சுற்று மட்டும் விர்ரென்று ஏறும். வேகமானி முள் யோசித்துக்கொண்டு நிற்கும். பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம். மெக்கானிக் ஒரே ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “கிளட்ச் போயிருச்சுங் தம்பி. பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, ரிலீஸ் பேரிங்கு, மூணையும் செட்டா மாத்திரலாம்” என்பார். மற்றவர்களுக்குப் பேச்சு இதோடு முடிந்துவிடும். இவர் மட்டும் வாசற்படியில் நின்று, “ஏனுங்ணா, பாக்ஸைத்தான் எப்படியும் இறக்கப் போறீங்க, கையோட கையா...” என்று இழுப்பார்.

இழுப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. கியர்பாக்ஸை இறக்க பேட்டரி, அதன் தட்டு, ஸ்டார்ட்டர் மோட்டார், இரண்டு பக்கத்து ஆக்சில், மவுண்டிங் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். உள்ளே ஒரு சாமானை மாற்றினாலும் ஒன்பதை மாற்றினாலும் இறக்குகூலி ஒன்றுதான். ஆகவே பாக்ஸ் இறங்கினால் மட்டுமே கை எட்டுகிற இடங்களில் உள்ளதை அப்போதே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

அப்படிப்பட்டவற்றில் பெரியது ஃப்ளைவீல். இந்தக் காரில் இருப்பது டூயல் மாஸ் வகை: இரண்டு வட்டுகள், இடையில் வளைந்த ஸ்பிரிங்குகள். எஞ்சினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் விழுங்குவது ஸ்பிரிங்குகளின் வேலை. அவை தளர்ந்திருந்தால் கையால் திருப்பும்போதே வட்டு அளவுக்கு மேல் ஆடும். முகத்தில் நீலம் பாரித்திருந்தால் சூடு கண்டிருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் பழையதையே போட்டுவிடலாம். நம்மவர் ஆட்டிப் பார்க்கும் வரை பொறுப்பதில்லை. எடை குறைந்த ஒற்றை ஃப்ளைவீல் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார். எஞ்சின் சட்டென்று சுற்றும், முகம் தேய்ந்தால் கணபதியில் ஏதாவது ஒரு லேத்தில் கொடுத்துச் சீவிக்கொள்ளலாம் என்பார். அத்தனையும் உண்மை. வண்டி நியூட்ரலில் நிற்கும்போது பாக்ஸுக்குள் யாரோ கோலிக்குண்டு குலுக்குவதுபோல் சத்தம் வரும் என்பதும் உண்மைதான். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ரேஸ் கார் சத்தம்.

பிளேட்டிலும் இதே கதை. மென்பொருளால் கூடிய இழுவையைத் தாங்க, சற்றே பலமான பிரஷர் பிளேட்டும் வழக்கமான பிளேட்டும் போதும். அவர் கேட்பது பந்தயத்துக்கான செராமிக் பட்டை பதித்தது. அது நழுவிப் பிடிக்காது. ஒன்று பிடிக்கும், இல்லையென்றால் விடும். செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அது சிறப்பாக வேலை செய்யும். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கியவரும் 1995-ல் விமான விபத்தில் மறைந்தவருமான கரிவரதனின் பெயரைத் தாங்கிய ஓடுதளம் அது. நம்மவர் அங்கே போவது வேடிக்கை பார்க்க, அதுவும் வண்டியில். செராமிக் கிளட்ச் எப்போதாவது போய்வருவது ஆர்.எஸ். புரம் அன்னபூர்ணா ஹோட்டலுக்கு. சிக்னலுக்குச் சிக்னல் வெட்டி வெட்டி நகரும் காரின் உள்ளே அவருடைய மனைவி டேஷ்போர்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்.

அடுத்து சீல்கள். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் உள்ள ஆயில் சீலும், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீலும் கசிந்தால் எண்ணெய் போய் விழுவது நேராகப் புது பிளேட்டின்மேல். எண்ணெய் குடித்த பிளேட்டைக் காப்பாற்ற வழியில்லை. ஆகவே இவற்றை மாற்றுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ரிலீஸ் பேரிங் வழுக்கி ஓடும் குழல், பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க், அது சாய்ந்தாடும் குண்டு ஆகியவையும் அப்படியே. குழலில் பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை விலை உயர்ந்த கிளட்ச்சைப் போட்டாலும் பெடல் சொரசொரக்கும். பாக்ஸை இறக்க எண்ணெயை வடிப்பதால் புது எண்ணெயும் வேண்டும். இதில் கொஞ்சம் கவனம் தேவை. பட்டறை மூலையில் பீப்பாயில் நிற்கும் ஜி.எல்.-5 தர எண்ணெய், டிஃபரன்ஷியலுக்கு நல்லது. அதில் சேர்த்துள்ள கந்தகக் கூட்டுப்பொருள் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களை நாளடைவில் தின்னும். ஜி.எல்.-4 தரமே இங்கே சரி. இந்த விஷயத்தில் கையோடு கையாகப் பேர்வழி மெக்கானிக்கைவிடக் கறாரானவர். ஊரிலேயே அவர் வென்ற ஒரே வாதம் இது.

சொற்பக் காசு பிடிக்கிற ஒன்று மட்டும் அவருடைய பட்டியலில் ஏறுவதே இல்லை: ஃப்ளைவீலைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு பிணைக்கும் போல்ட்டுகள். 60 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கி, அதற்குமேல் கால் சுற்று திருப்ப வேண்டியவை அவை. அந்தக் கால் சுற்றில் போல்ட் இம்மியளவு நீளும். நீண்டதை மறுபடி நம்பக் கூடாது. ஒவ்வொரு முறையும் புதிது. போல்ட்டைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்ப முடியாது என்பதைத் தவிர இது விடுபட வேறு காரணம் தெரியவில்லை. பாக்ஸ் தரையில் கிடக்க, போல்ட்டுக்காகக் கார் நான்கு நாள் ஜாக்கியில் நிற்கும்.

நியாயத்தின் எல்லை இந்த இடத்தோடு சரி. எல்லை தெரியாதவரைத்தான் இந்தப் பெயரால் அழைக்கிறோம். கிளட்ச்சின் ஸ்லேவ் சிலிண்டர் சில கார்களில் கியர்பாக்ஸின் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அவற்றில் அதை மாற்றாமல் மூடுவது முட்டாள்தனம். இந்தக் காரில் அது வெளியே, பேட்டரித் தட்டுக்குக் கீழே இருக்கிறது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் மாற்றலாம். அதுவும் பட்டியலில் ஏறும். ஆக்சில் பூட், எஞ்சின் மவுண்டிங், இரண்டுக்கும் அரை நியாயம் உண்டு, எப்படியும் கழற்றியதுதானே. டைமிங் பெல்ட்டுக்கு அதுவும் கிடையாது. அது எஞ்சினின் எதிர்முனை. “அந்தப் பக்கமும் கொஞ்சம் இடம் கெடைக்குதுங்ணா” என்பார். பெல்ட் வந்தால் வாட்டர் பம்ப், பம்ப் வந்தால் தெர்மோஸ்டாட், அது வந்தால் ரேடியேட்டர் ஹோஸ். ஒரு கட்டத்தில் ஷாக் அப்சார்பரும் சீட் கவரும் கிளட்ச் வேலையின் அங்கமாகிவிடும். இன்னும் முற்றியவர்கள் பைலட் பேரிங்கும் ஆர்டர் போடுவார்கள். எஞ்சினோடு குறுக்கே உட்கார்ந்த இந்தக் கியர்பாக்ஸுக்கு அப்படி ஒன்று கிடையாது. வாங்கிய பேரிங் கண்ணாடி அலமாரியில், பிள்ளைகளின் பள்ளிக் கோப்பைகளுக்கு நடுவே இருக்கும்.

சாமான் சேர்க்கும் படலம் தனி. சீலும் ஆயிலும் உள்ளூரிலேயே கிடைக்கும். ஃபோர்க்குக்கு உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் ஒருநாள் அலைவார். ஃப்ளைவீல் ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வரும் மைத்துனரின் பெட்டியில் வரும். விமான நிலையத்தின் எக்ஸ்ரே திரையில் வட்டமாக, பல்லோடு, கனமாகத் தெரியும் பொருள் என்னவென்று விளக்கும் பொறுப்பு மைத்துனருடையது. அடுத்த விடுமுறைக்கு அவர் கேரளா வழியாக வருவார்.

மெக்கானிக் இதையெல்லாம் எதிர்ப்பதில்லை. கிளட்ச் செட் வந்த அன்றே பாக்ஸை இறக்கி, சீல்களை மாற்றி, பாக்ஸை ஏற்றியும்விட்டு, மீதி சாமான்கள் ஒவ்வொன்றாக வரும்போது “வெச்சுட்டுப் போங் தம்பி, பாக்கலாங்” என்பவர்தான் இந்தத் தொழிலில் நிலைக்கிறார்.

வேலை முடிந்தபின் புது பிளேட்டும் ஃப்ளைவீலின் முகமும் ஒன்றோடொன்று படிய சில நூறு கிலோமீட்டர் நிதானமாக, நகர ஓட்டமாக ஓட்டவேண்டும். எடுத்த எடுப்பில் சீறக் கூடாது. இந்த விதியை அவர் எழுத்துப் பிசகாமல் காப்பார், ஏனென்றால் சில நூறு கிலோமீட்டர் ஓட அந்தக் காருக்கு இரண்டு வருடம் ஆகும். அதற்குள் பழைய காருக்கான பதிவுப் புதுப்பித்தலும் அடுத்த கார் ஆசையும் ஒன்றாக வந்து, விற்க முடிவு செய்வார். வாங்க வருபவரிடம் ஒரு கோப்பு நிறைய பில்களை நீட்டுவார். வந்தவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, கிலோமீட்டரைக் கேட்டு, ஆர்.சி. தேதியைப் பார்த்து, பில்களுக்கு ஒரு ரூபாயும் சேர்க்காமல் விலை சொல்வார்.