கஷ்டமான படிப்புக்காரர்

தமிழ்நாட்டுக் கல்யாணப் பந்திகளில் தவறாமல் தென்படுபவர் கஷ்டமான படிப்புக்காரர். வயது பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் இருக்கும், சி.ஏ. படிப்பவருக்கு மட்டும் மேல்வரம்பு கிடையாது. "என்னப்பா படிக்கிறே?" என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, பாயசம் வருவதற்குள் அவரே சொல்லிவிடுவார். படிப்பின் பெயருக்கு ஒரு மூச்சு, அதன் கஷ்டத்துக்கு மூன்று மூச்சு என்பது இவர்களின் பொது இலக்கணம். கஷ்டத்தை அளக்கும் கோல்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

மருத்துவ மாணவர் எடையால் அளப்பவர். பயிற்சி மருத்துவராக வேலை பார்க்கும் ஓராண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. முதலாண்டிலேயே 206 எலும்புகள். எலும்புக்கு எலும்பு மேடு, பள்ளம், துளை, துளை வழியே போகும் நரம்பு. சீனியரிடம் வாங்கிய 'போன் செட்' எலும்புகள் அட்டைப்பெட்டியில் கட்டிலுக்கடியில் இருக்கும். விளக்குமாறோடு குனிந்த பாட்டி அதைத் திறந்து பார்த்த நாளிலிருந்து அந்த அறை கூட்டப்படுவதில்லை. ராபின்ஸ், ஹாரிசன் போன்ற பாடநூல்களைத் தலையணை என்று பிறர் கேலிக்குச் சொல்வார்கள். இவர் நிஜமாகவே தலைக்கு வைத்துப் படுத்தவர்.

பொறியியல் மாணவர் எண்ணிக்கையால் அளப்பவர். எண்ணப்படுவது அரியர், செல்லப்பெயர் 'கப்பு'. பெரும்பாலான கப்புகளுக்குப் பிறப்பிடம் எம்-3 என்னும் கணிதத் தாள். வெப்பம் பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்த ஃபூரியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1822இல் வெளியிட்ட நூலில் விளக்கிய கணிதம் இதில் வருகிறது. அந்த வெப்பம் இப்போது மாணவர் வயிற்றில் பரவுகிறது. தேர்வுக்கு முந்தின இரவு விடுதி வராந்தாவில் 'லோக்கல் ஆதர்' புத்தகத்தை விரித்து ஒருவன் நால்வருக்குப் பாடம் நடத்துவான். முடிவு வரும்போது கேட்ட நால்வரும் தேறியிருப்பார்கள், நடத்தியவனுக்குக் கப்பு.

சி.ஏ. மாணவர் விதியால் அளப்பவர். தாளுக்குக் குறைந்தது 40, குரூப்பின் கூட்டுத்தொகையில் பாதி, இரண்டும் வேண்டும். குரூப்பின் மூன்று தாளிலும் 49 எடுத்தால் 147, வேண்டியது 150. எல்லாத் தாளிலும் பாஸ், மொத்தத்தில் ஃபெயில். இதைக் கேட்ட அப்பா பால் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் தானே கூட்டிப் பார்ப்பார். கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

கட்டடக் கலை மாணவர் விழித்த இரவுகளால் அளப்பவர். ஐந்தாண்டுப் படிப்பு. விரலில் பிளாஸ்திரி, சட்டையில் ஃபெவிகால், கண்ணில் சிவப்பு. விடிய விடிய ஒட்டிய மாதிரியோடு 'ஜூரி' என்னும் மதிப்பீட்டுக்குப் பேருந்தில் போவார். கைக்குழந்தைக்காரிக்கு எழுந்து இடம் தராதவரும் அட்டை வீட்டுக்கு எழுந்து இடம் தருவார். அந்த வீட்டைப் பார்த்ததும் ஜூரியில் வரும் முதல் கேள்வி, "மாடிப்படி எங்கேப்பா?"

இந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படாதவர்கள் இருவர். கணித முதுகலை மாணவர் எப்சிலான், டெல்டா என்று ஆரம்பித்த உடனே, "டீச்சர் வேலைக்கு நல்லதுதான்" என்று பேச்சு முடிக்கப்படும். தமிழ் இலக்கிய மாணவருக்கு அந்த மரியாதையும் இல்லை. தொல்காப்பியத்தில் மூன்று அதிகாரம், 27 இயல், ஏறக்குறைய 1,600 நூற்பா. ஓர் உரையாசிரியர் சொன்னதை இன்னோர் உரையாசிரியர் மறுத்திருப்பார். இரண்டையும் இவர் தேர்வில் எழுத வேண்டும். "தமிழ்தானே, வீட்டுல பேசுறதுதானே" என்பார் பெரியப்பா.

கஷ்டத்துக்குப் பயன் உண்டு. ரேஷன் கடை வரிசை, கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம், தூரத்து உறவினரின் காதுகுத்து ஆகிய நான்கிலிருந்தும் அது விலக்கு வாங்கித் தரும். "அவனுக்குப் படிக்க நிறைய இருக்கு" என்று அம்மா சொல்லும்போது உள்ளறையில் கிரிக்கெட் வர்ணனையின் சத்தம் சற்றே குறையும்.

தோற்றால் ஆறுதலுக்கு ராமானுஜன் இருக்கிறார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவருக்கு உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் அந்நாளைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. எம்-3 கப்புக்காரர் இந்த வரலாற்றைத் தேதியோடு சொல்வார். ராமானுஜன் கணிதம் தவிர மற்றதில் தவறினார், தாம் மற்றதில் எல்லாம் தேறிக் கணிதத்தில் தவறினோம் என்ற சிறு வேறுபாட்டை மட்டும் விட்டுவிடுவார்.

பட்டம் வாங்கியதோடு கஷ்டம் தீர்வதில்லை, அதன்பிறகுதான் வளரத் தொடங்குகிறது. முதல் வேலையில் 'கொஞ்சம் டஃப்' ஆக இருந்த தாள், கல்யாணத்துக்குள் 'மாநிலமே ஃபெயில்' ஆன தாளாகிவிடும். அரியர் எண்ணிக்கையோ எதிர்த்திசையில் போகும். ஏழாக இருந்தது நான்காகி, இரண்டாகி, மூத்த பிள்ளை கல்லூரியில் சேரும் ஆண்டில் பூஜ்யத்தைத் தொடும்.