ஆயுள் கியாரண்டியும் அல்பாயுசும்

அமெரிக்காவின் பழைய சாமான் சந்தைகளில் ஒரு தனி ஜாதி வாடிக்கையாளர்கள் உண்டு. நல்ல ஸ்பானரைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். பல் போன ராட்செட், முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவர் என்று தேடித் தேடிப் பொறுக்குவார்கள். ஒரே நிபந்தனை: 'கிராஃப்ட்ஸ்மேன்' முத்திரை இருக்க வேண்டும்.

சியர்ஸ் நிறுவனம் பல்லாண்டுகளாக விற்ற அந்தக் கைக்கருவிகளுக்கு ஆயுள் கியாரண்டி. ரசீது வேண்டாம், பூர்வீகம் வேண்டாம். உடைந்ததைக் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவர்கூடத் துணியை உதறிக் கிழிசல் பார்ப்பார். இங்கோ கிழிசல்தான் தகுதி!

சியர்ஸ் கடைக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. உடைந்த ராட்செட்டுக்கு ஈடாக, உள்ளே பல்சக்கரம் மாற்றிய வேறொரு பழசை நீட்டியதுண்டு. உடனே வாடிக்கையாளர்கள் கொதிப்பார்கள்: "எவனோ பயன்படுத்தியதை எங்கள் தலையில் கட்டுவதா?" கேட்கிறவர் கையில் இருப்பதோ, எவனோ பயன்படுத்தியதை அரை விலைக்கு வாங்கி வந்தது.

2017இல் கிராஃப்ட்ஸ்மேன் பெயர் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனத்துக்குக் கைமாறியது. 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. கருவியின் ஆயுளுக்கு உறுதி சொன்னவர் படுத்துவிட்டார். கருவி கல்லுக்குண்டாக இருக்கிறது.

பழைய கருவிகளுக்கும் புது முதலாளி பொறுப்பேற்கத்தான் செய்கிறார். ஆனால் பல ஆர்வலர்கள் இப்போது கவுன்டர் பக்கமே போவதில்லை. மாற்றப் போனால், அமெரிக்காவில் செய்த பழசு போய் ஆசியாவில் செய்த புதுசு வந்துவிடுமாம். உதிரிப் பாகம் தேடி வாங்கி, சொந்தக் காசில் ரிப்பேர் செய்கிறார்கள், கியாரண்டி இருக்கிற தைரியத்தில்.