பிரீமியம் கட்டுவித்தல்: ஒரு பிறவினை ஆய்வு

துணிபு

ஆயுள் காப்பீட்டு பிரீமியத்தை டியூ தேதிக்குள் கட்டும் வழிகளைச் சொல்லும் துண்டறிக்கைகளில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. பிரீமியத்தைப் பாலிசிதாரர் கட்டுகிறார் என்று அவை நம்புகின்றன. களத்தில் பார்த்தால் அப்படி ஒரு காட்சி கிடைப்பதில்லை. தானாக நினைவு வந்து, தானாக எழுந்து, தானாகவே போய்த் தேதிக்குள் பணம் கட்டிவிட்டு வரும் பாலிசிதாரர், எல்லாரும் கேள்விப்பட்டு யாரும் பார்க்காத ஆள். ஒவ்வொரு ரசீதுக்குப் பின்னாலும் இன்னொருவர் நிற்கிறார். ஆகவே பிரீமியம் கட்டுதல் என்பது தன்வினை அன்று, பிறவினை. அது கட்டப்படுவதில்லை, கட்டுவிக்கப்படுகிறது. இதுவே இவ்வாய்வின் துணிபு.

ஆய்வின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பணம் இல்லாமல் கட்டத் தவறுவது துயரம். அதில் ஆராய ஒன்றுமில்லை, உதவத்தான் இடமுண்டு. பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பாலிசியை லேப்ஸ் ஆகவிடுபவர்தான் நமக்கு வேண்டியவர்.

காலம்

டியூ தேதி என்று ஒன்றை அச்சிட்டுவிட்டு, அது கடைசித் தேதி இல்லை என்று அதே பாலிசி பாண்டில் சொல்லியிருப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு ஒரு மாதம், முப்பது நாளுக்குக் குறையாமல், கிரேஸ் உண்டு. மாதத் தவணைக்கு 15 நாள். அதற்குள் கட்டினால் வட்டி இல்லை, பாலிசிக்கும் பங்கமில்லை. விளைவு: டியூ தேதி என்பது பணம் கட்டும் நாள் என்ற பொருளை இழந்து, பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கும் நாள் ஆகிவிட்டது. டியூ தேதியன்றே கட்டுபவரை அக்கம்பக்கத்தில் கொஞ்சம் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அவருக்கு டாக்டர் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று.

முப்பது நாள் தாராளம் என்று நினைப்பவர்கள் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்துக் கணக்குப் பார்க்கட்டும். செவ்வாய், வெள்ளிகளில் வீட்டை விட்டுக் காசு வெளியே போகலாகாது. சனியும் ஞாயிறும் கவுண்ட்டர் திறக்காது, எல்.ஐ.சி. 2021 மே 10 முதல் வாரத்துக்கு ஐந்து நாள் வேலைக்கு மாறிவிட்டது. மீதி திங்கள், புதன், வியாழன். அதாவது பன்னிரண்டு நாள், மிஞ்சிப்போனால் பதினான்கு. இவற்றில் அஷ்டமி, நவமிக்கு ஒன்றிரண்டு போகும். அரசு விடுமுறைக்கு ஒன்று. மிச்ச நாட்களிலும் நேரம் பார்க்க வேண்டும். திங்களன்று 10.30 முதல் 12 வரை எமகண்டம். உயிரை உத்தேசித்துக் கட்டும் பணத்தை அந்த நேரத்தில் கொண்டுபோய்க் கொடுக்க யாருக்கு மனம் வரும்? வியாழனன்று 1.30 முதல் 3 வரை ராகுகாலம். புதனன்று அது 12 முதல் 1.30 வரை, அது முடிவதற்குள் கவுண்ட்டரில் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

இங்கே முந்தைய அறிஞர்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். குளிகை நேரத்தில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. அதனால்தான் குளிகையில் பிணம் எடுப்பதில்லை, கடன் வாங்குவதில்லை, நகை மட்டும் வாங்குகிறார்கள். திரும்பத் திரும்ப நடக்க வேண்டும் என்று இந்த உலகில் நாம் விரும்பக்கூடிய செலவு ஒன்று உண்டென்றால் அது பிரீமியம்தான். கட்டுபவர் இருந்துகொண்டே இருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. கவுண்ட்டர் நேரத்தோடு குளிகை முழுசாகப் பொருந்தி வருவது புதன்கிழமை 10.30 முதல் 12 வரை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெரியவர்கள் சொன்னது கவுண்ட்டரை மனதில் வைத்துத்தான் என்று சாதிக்க நான் துணியவில்லை. ஆனால் மறுக்கவும் ஆதாரம் இல்லை.

இதில் ஒரு தீராத விவாதம் உண்டு. பத்தே முக்காலுக்கே டோக்கன் வாங்கி உட்கார்ந்தவரின் எண்ணை 12.05-க்கு அழைத்தால் அது குளிகைக் கணக்கா, ராகுகாலக் கணக்கா? டோக்கன் வாங்கிய நேரமே நேரம் என்பது ஒரு கட்சி. ரசீது அச்சான நேரமே நேரம் என்பது மறுகட்சி. ரசீதில் நேரம் பதிவாவதால் பிந்தைய கட்சியின் கை ஓங்கியிருக்கிறது. போனிலேயே செவ்வாய் இரவு பதினொரு மணிக்குக் கட்டலாமே என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஒரு சலுகை தரலாம்: பேங்க்கில் இருந்த பணம் வீட்டுக்குள் வந்ததே இல்லை, எனவே அது வீட்டை விட்டு வெளியே போகவும் இல்லை.

கட்டுவிப்போர்

1956 ஜனவரி 19 அன்று நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் பேசி, நாட்டிலிருந்த 245 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் அரசு எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். செப்டம்பர் 1-இல் எல்.ஐ.சி. பிறந்தது. 1959-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் அதன் உயரக் கட்டடம் எழுந்தது; சினிமாவில் கதாநாயகன் பட்டணத்துக்கு வந்து இறங்கும்போதெல்லாம் அதைக் காட்டினார்கள். கொட்டகையில் அண்ணாந்து பார்த்தவர்களில் யாருக்காவது அரையாண்டுத் தவணை ஞாபகம் வந்ததாக வரலாறு இல்லை. அந்த வேலையைச் செய்தவர் ஏஜென்ட்.

ஏஜென்ட் பெரும்பாலும் ரிட்டயரான ஹெட்மாஸ்டராக இருப்பார், அல்லது ஒன்றுவிட்ட மாமாவாக இருப்பார், சிறந்த ஏஜென்ட் இரண்டுமாக இருப்பார். அவர் கையாண்ட முறை மிக நுட்பமானது. தவணையைப் பற்றிப் பேச அவர் வீட்டுக்கு வருவதில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருவார். "என்ன தம்பி, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?" என்பார். ரசம் வரும்வரை வேறு பேச்சு. பிறகு, இலையைப் பார்த்தபடியே, "சின்னவன் பேர்ல இருக்கிறது இருபத்தெட்டோட கிரேஸ் முடியுது. பாயசம் நல்லா வந்திருக்கு, இன்னும் கொஞ்சம் வாங்கிக்குங்க." எதிர்ப்பக்கம் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது இதற்கு ஒரே பதில்தான் உண்டு. "நாளைக்கே கட்டிடறேன் மாமா."

மாமாவின் இந்த உழைப்புக்கு முதல் ஆண்டில் பெரிய கமிஷன், போகப்போகக் குறைந்து பல பாலிசிகளில் நான்காம் ஆண்டிலிருந்து ஐந்து சதவீதம் என்று ஒரு கணக்கு இருந்தது. ஐந்து சதவீதத்துக்கு இருபது வருடம் இன்னொருவரின் ஞாபகசக்தியாக இருக்க ஒப்புக்கொள்பவரைப் பேராசைக்காரர் என்று சொல்லக்கூடாது என்பது என் கருத்து.

ஆனால் கட்டுவிப்பவர் வேறு, கட்டுபவர் வேறு. இந்த வேற்றுமையை 1997-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கறாராக வரையறுத்தது. பாலிசிதாரர் ஒருவர் கிரேஸ் கடந்தபின் தவணைக்கான செக்கை ஏஜென்ட்டிடம் கொடுத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து விபத்தில் இறந்துபோனார். ஏஜென்ட் அந்தப் பணத்தை அலுவலகத்தில் கட்டியது அதற்கு மறுநாள். ஏஜென்ட் கையில் கொடுத்தது நிறுவனத்தில் கட்டியதாகாது, பாலிசி லேப்ஸ் ஆனதுதான் என்று தீர்ப்பாயிற்று. வசூலிக்க முறையான அனுமதி பெற்றவர் கதை வேறு. மற்றபடி மாமா ஞாபகப்படுத்தலாம், கூட வரலாம், வரிசையில் நிற்கலாம். பணம் மட்டும் அவர் பையில் தூங்கக்கூடாது.

சம்பளப் பிடித்தம் இதற்கு நேர் எதிர். அதில் பாலிசிதாரருக்கு வேலையே இல்லை. ஆபீஸே பிடித்து அனுப்பிவிடும். டெல்லி மின்வாரிய ஊழியர் ஒருவரின் தவணையை ஆபீஸ் அனுப்பத் தவறியபோது, அங்கே ஆபீஸ்தான் எல்.ஐ.சி.யின் ஏஜென்ட் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, குடும்பத்தின் பக்கம் நின்றது. ஆக, சட்டத்தின் கண்ணில் ஏஜென்ட் ஏஜென்ட் இல்லை, ஆபீஸ் ஏஜென்ட். இப்படி ஒரு முடிவை நான் கற்பனையில் எழுதியிருந்தால் ஆசிரியர் வெட்டியிருப்பார். டிரான்ஸ்பர் ஆன மாதம், சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதம் ஆகியவற்றின் பிடித்தம் விட்டுப்போயிருப்பது மட்டும் முதிர்வுத் தொகை வாங்கும் நாளில் தெரியவரும். அதற்கு அலுவலக மொழியில் கேப் என்று பெயர்.

வருமான வரியும் நெடுங்காலம் ஒரு கட்டுவிப்பாளராக இருந்தது. 80சி என்ற எண்ணை மந்திரம்போல உச்சரித்து, மார்ச் மாதம் பாதி ஊரைக் கவுண்ட்டருக்கு ஓட வைத்தது. 2023-24 நிதியாண்டு முதல், அந்தக் கழிவு இல்லாத புதிய வரிமுறையே இயல்பு முறை ஆனதால், இவர் பெருமளவு பணி ஓய்வு பெற்றுவிட்டார்.

நாமினியின் மௌனம்

பாலிசி உயிரோடு இருப்பதில் எல்லாரையும்விட அக்கறை இருக்க வேண்டியவர் நாமினி. பெரும்பாலும் மனைவி. வீட்டிலேயே இருப்பவர், பால்காரர் கணக்கு முதல் சீட்டுத் தவணை வரை எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பவர். ஆனால் இந்த ஒன்றை மட்டும் அவரால் கேட்க முடியாது. "உங்க பாலிசியைக் கட்டிட்டீங்களா?" என்ற கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் எந்த மனைவி கேட்பார்? மாமியார் பக்கத்தில் இருந்தால் எந்த நேரத்திலும் கேட்க முடியாது. காப்பீடு என்ற ஏற்பாட்டின் மிகப்பெரிய ஓட்டை இதுவே. யாருக்காகக் கட்டுகிறோமோ அவர் வாய் திறக்க முடியாது.

எனவே நாமினிகள் ஒரு மறைமொழியை வளர்த்திருக்கிறார்கள். "ஏங்க, எல்.ஐ.சி.லேருந்து ஏதோ லெட்டர் வந்திருக்கு. டி.வி. மேல வச்சிருக்கேன்." ஏதோ என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாதாம். இந்த முறை பல பத்தாண்டுகள் நன்றாக வேலை செய்தது. பிறகு தட்டையான டி.வி.க்கள் வந்தன. அவற்றின் மேல் ஒரு கடிதத்தை வைக்க முடியாது.

இயந்திரம்

பேங்க் ஆட்டோ டெபிட், 2020-இல் வந்த யுபிஐ ஆட்டோபே எல்லாம் சேர்ந்து, எவரும் எவரையும் கேட்க வேண்டாத நிலையை உண்டாக்கியிருக்கின்றன. காப்பீட்டு பிரீமியம் ஒரு லட்சம் ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்காமலே போகலாம் என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வரம்பை உயர்த்தியது. இருபத்து நான்கு மணி நேரம் முன்பே மெசேஜும் வரும். அது ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கும் கடன் வேண்டுமா என்ற விசாரிப்புக்கும் நடுவில் வந்து நிற்கும். "உங்கள் பாலிசி லேப்ஸ் ஆகிறது, இந்த லிங்க்கை அழுத்துங்கள்" என்று மோசடிக்காரர்களும் அதே குரலில் பேசக் கற்றுவிட்டதால், உண்மையான மெசேஜைத்தான் நாம் முதலில் சந்தேகிக்கிறோம்.

இயந்திரம் தவறாமல் கட்டுவிக்கும், கணக்கில் பணம் இருந்தால். மகள் காலேஜ் ஃபீஸ் கட்டிய மறுநாள் அது வந்து கைநீட்டினால் மேண்டேட் திரும்பும், பேங்க் தன் பங்குக்கு ஒரு கட்டணத்தைப் பிடிக்கும். ஆக, கட்டுவிக்கும் இயந்திரத்துக்குப் பணம் வைக்கும்படி நம்மைக் கட்டுவிக்க இன்னொருவர் வேண்டியிருக்கிறது. வி, பி இரண்டு விகுதியும் சேர்ந்து வந்தால் ஈரேவல் என்று நன்னூல் வழிவகுத்து வைத்திருக்கிறது. கட்டுவிப்பித்தல் என்ற வினைக்கு இலக்கணம் எண்ணூறு வருடமாகத் தயாராகத்தான் இருக்கிறது.

நடைமுறை வேண்டுவோருக்கு: சம்பளம் விழும் கணக்கிலேயே மேண்டேட் கொடுத்து, சம்பளம் வந்த ஓரிரு நாளில் பிடிக்கும்படி தேதி கேளுங்கள். முடிந்தால் ஆண்டுத் தவணைக்கு மாறுங்கள். எல்.ஐ.சி.யின் பல திட்டங்களில் அதற்கு 2 சதவீதமும் அரையாண்டுக்கு 1 சதவீதமும் தள்ளுபடி உண்டு. வருடத்துக்குப் பன்னிரண்டு முறை பாயசத்தோடு ஞாபகப்படுத்த எந்த மாமாவாலும் முடியாது.

மனிதர்களை ஆண்டுதோறும் கட்டுவிக்க முடியாது என்று சோர்ந்துபோன துறையும் உண்டு. வண்டி இன்ஷூரன்ஸில் போலீஸ்காரரையும் ஆயிரம் ரூபாய் அபராதத்தையும் வைத்தும் பயனில்லை என்று கண்டு, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே எடுத்தாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். உயிருக்கு அப்படிச் செய்ய முடியாது. எத்தனை வருடத்துக்கு வாங்குவது?

கிரேஸையும் கடந்து லேப்ஸ் ஆன பாலிசியை, முதலில் விட்ட தவணையிலிருந்து ஐந்தாண்டுக்குள் வட்டியும் உடல்நல உறுதிமொழியும் கொடுத்து உயிர்ப்பிக்கலாம். பாலிசிதாரர் உயிரோடு இருக்க வேண்டும் என்பது ஒன்றே கடினமான நிபந்தனை.

துணிபுக்கு இறுதிச் சான்று பாலிசி பாண்டிலேயே அச்சாகியிருக்கிறது. தவணையைக் கட்டாமல், கிரேஸ் நாட்களுக்குள் பாலிசிதாரர் இறந்துபோனால் பாலிசி செல்லும். ஆனால் கட்டாத அந்தத் தவணையையும், அடுத்த பாலிசி ஆண்டு நிறைவுக்குள் வர இருந்த மற்றத் தவணைகளையும் கிளெய்ம் தொகையில் கழித்துக்கொண்டே மீதியை நாமினிக்குத் தருவார்கள். ஆயுளில் ஒரு முறையும் டியூ தேதியில் கட்டாதவர் இங்கே முன்கூட்டியே கட்டிவிடுகிறார். செவ்வாய், வெள்ளி பார்ப்பதில்லை.