பழைய ரிசீவர் ஜீர்ணோத்தாரண விசாரம்

திண்டுக்கல்லின் பெருமைகளை எழுதப் புகுந்தோர் மலைக்கோட்டையையும், ஹைதர் அலியையும், 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பூட்டையும், புகையிலையையும், பிரியாணியையும் குறித்துப் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்திருக்க, நாகல் நகர் முதல் ஆர்.எம். காலனி வரை எத்தனையோ வீடுகளில் டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், தலைமேல் ஒரு பின்னல் விரிப்பும் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியும் தாங்கி யோகநித்திரையில் ஆழ்ந்திருக்கும் கரிய பெட்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறவாதது ஆராய்ச்சி உலகுக்கு நேர்ந்த பெருங்குறையாகும். அக்குறையைத் தீர்க்கும் பொருட்டே இவ்விசாரம் எழுந்தது.

முதற்கண் இலக்கணம். ஹோம் தியேட்டர் ரிசீவர் எனப்படுவது, வானொலியைப் பிடிக்கும் டியூனரும், வந்த ஒலியை ஐந்தும் ஒன்றுமாகப் பகுக்கும் டிகோடரும், பகுத்ததைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே தகரக் கூட்டுக்குள் கூட்டுக்குடித்தனம் நடத்துவது. கூட்டுக்குடித்தனத்தின் சகல வியாதிகளும் இதற்கு உண்டு. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடும், அடுத்த ஆண்டில் ‘கறுப்பு ரோஜா’ டி.டி.எஸ். ஒலியோடும் வெளிவந்த காலத்தில், கொட்டகையில் தம் முதுகுக்குப் பின்னால் இடி இடிப்பதைக் கேட்டுத் திடுக்கிட்டு வந்தவர்கள், மெய்யான மழைக்கு வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும் இச்சமவெளியில் பொய்யான மழையையாவது தம் கூடத்தில் பெய்வித்துக் கேட்க ஆசைப்பட்டதே இப்பெட்டி இங்கு வந்து குடியேறியதற்கு மூலகாரணம். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது ஒரு சாதி. அமெரிக்காவிலிருந்து பிள்ளை கொண்டுவந்தது மற்றொரு சாதி. பின்னது 120 வோல்ட்டுக்குப் பிறந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றே அதற்குக் கருமாதி. ஆயினும் அந்தச் சாதிக்கு ஒரு பாக்கியம் உண்டு. அமெரிக்கப் பண்பலை நிலையங்கள் ஒற்றைப்படைத் தசமத்திலேயே அமைந்திருப்பதால் அவ்வூர் டியூனர் இரட்டைப்படையைத் தாண்டித் தாண்டிச் செல்லும். கொடைக்கானல் மலைமேலிருந்து நம் சமவெளி முழுவதையும் எட்டும் கோடைப் பண்பலையோ 100.5இல் இருக்கிறது. வாஷிங்டனில் வகுத்த அலைவரிசை விதி வத்தலக்குண்டு நேயர் விருப்பத்துக்கு இடையூறு செய்யாமல் விட்டது தெய்வச் செயல் என்றே கொள்ளலாம்.

இனிப் பூர்வபட்சம். “பழைய செட்டைத் தூக்கி எறிந்துவிட்டு சவுண்ட் பார் வாங்குக, மெல்லியது, வயர் இல்லாதது, இல்லத்தரசிக்கும் உகந்தது” என்பர் ஷோரூம்காரர். காயலான் கடைக்காரர் பட்சமும் இதுவே. ஆனால் அவர் பேச்சில் கூடுதல் நேர்மை உண்டு, ஏனெனில் அவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்த பிறகே விலை பேசுகிறார். பத்துப் பன்னிரண்டு கிலோ கனக்கும் அப்பெட்டியில் பெரும்பாரம் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் செம்பும், ஹீட் சிங்கின் அலுமினியமும் என்பதை அறிந்தவர் அவர். எறிக என்பாருக்கு விடை அவருடைய கையிலேயே இருக்கிறது: கனமானது எதுவோ அது கெடவில்லை. இரும்புக்கும் செம்புக்கும் முதுமை மெல்லவே வரும், கெட்டது இலேசானது. கெப்பாசிட்டர் வற்றும், ரிலேயின் முனை கறுக்கும், வால்யூமுக்குள் தூசு சேரும், டிகோடரின் சாமர்த்தியம் காலாவதியாகும். பழைய கோயிலை ஜீர்ணோத்தாரணம் செய்யும் சிற்பிகள் மூலவரைத் தொடாமல் மதிலையும் மண்டபத்தையும் செப்பனிடுவதுபோல, டிரான்ஸ்ஃபார்மரை மூலஸ்தானத்தில் வைத்துவிட்டு மற்றவற்றைப் பார்ப்பதே இத்துறையின் ஆகமம்.

அந்த ஆகமம் கற்றவர் பஸ் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில், மூன்று பேர் நின்றால் நான்காமவர் வெளியே நிற்கவேண்டிய கடையில், வீற்றிருக்கிறார். நோயாளியைக் கட்டைப்பையில் சுமந்துவந்த ஒருவருக்கும் அவருக்கும் நடந்த சம்வாதம் வருமாறு:

“அண்ணே, செட்டு ஓடுதுண்ணே. ஆனா லேசா உறுமுது.”

“பாட்டு போட்டா உறுமுதா, சும்மாவே உறுமுதா?”

“சும்மாவேதாண்ணே.”

“பின்னாடி இருக்க வயரையெல்லாம் புடுங்கிட்டுப் பாத்தீங்களா? புடுங்கியும் உறுமுச்சுன்னா கெப்பாசிட்டரு. நின்னுருச்சுன்னா எர்த்து.”

இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. பிரிட்ஜ் ரெக்டிஃபையர் அதன் இரு பாதியையும் ஒரே திசைக்குத் திருப்புவதால் எஞ்சும் அலை 100 ஆகிறது. ஆகவே பில்டர் கெப்பாசிட்டர் வற்றிப் போனால் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் உறுமல். கேபிள் பெட்டியும் டி.வி.யும் செட்டும் வெவ்வேறு வழியாக எர்த்தைத் தேடிச் சுற்றிக்கொண்டால் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். பழகிய காதுக்கு இவ்விரண்டும் மத்யம சட்ஜமும் தார சட்ஜமும் போலத் தனித்தனியே கேட்கும். எர்த்தால் வந்த உறுமலுக்குப் பரிகாரமாக மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்தெறியும் வழக்கம் நம்மூரில் உண்டு. உறுமல் நிற்பது மெய்யே, ஆயினும் உள்ளே ஒரு வயர் அறுந்து கூட்டைத் தொட்டால் நிற்பது உறுமல் மட்டுமன்று.

கெப்பாசிட்டரின் ஆயுளைக் கணித்தறிய ஜோசியம் வேண்டாம். அதன் சட்டையிலேயே எழுதியிருக்கும். 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டிருந்தால், சூடு பத்துப் பத்து டிகிரியாகக் குறையக் குறைய ஆயுள் இருமடங்காகும் என்பது விதி. பெட்டிக்குள் 55 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 16,000 மணி; நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பாடினால் 4000 நாள்; ஏறத்தாழ பதினொரு ஆண்டு. சித்திரை வெயிலில், காற்றுத் துளைகளைப் பின்னல் விரிப்பால் மூடி, மேலே பூச்சாடியும் வைத்தால் 55 எங்கே நிற்கும்? அலங்காரப் பிரியம் ஆம்ப்ளிஃபையரின் ஆயுளைக் குறைக்கிறது என்பது இவ்வாராய்ச்சியின் முதல் முடிபு. குடும்ப அமைதி கருதி இதனை உரக்கச் சொல்ல வேண்டியதில்லை.

மூடியைத் திறந்தால் முதலில் தென்படுவது சாம்பல் நிறத் தூசுப் படுகை. அதன் நடுவே வெண்மணிபோல் இரண்டு பல்லி முட்டை. பிரஷ்ஷால் தூசியைத் தள்ளியபின் தலை உப்பிய கெப்பாசிட்டர்கள் வெளிப்படும். அண்ணன் உடனே பற்றவைப்புக் கோலைத் தொடுவதில்லை. உள்ளே 40, 50 வோல்ட்டைத் தேக்கிய கலங்கள் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சற்று நேரம் ஜாக்கிரதையாக விழித்திருக்கும். அவற்றை ஸ்க்ரூ டிரைவரால் பொறிபறக்கத் தட்டுபவர் அரைகுறை. ஒரு ரெசிஸ்டரை வைத்து நிதானமாக வடிப்பவர் ஞானி. அதன் பின்னரே சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பைக் கரண்டு வழியில் தொடராகக் கோத்துச் செட்டைப் போடுகையில், பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் செட்டு தின்னவேண்டிய கரண்டையெல்லாம் பல்பு தின்று செட்டைக் காப்பாற்றிவிட்டது என்று பொருள். இப்பணிக்கு எல்.இ.டி. பல்பு உதவாது. ஊரெல்லாம் குண்டு பல்பைக் கைவிட்ட பிறகும் அந்தச் சந்துக் கடையில் ஒன்று பழைய துணியில் சுற்றிப் பத்திரமாக இருப்பதன் ரகசியம் இதுவே.

செட்டு உறுமவும் இல்லை, பாடவும் இல்லை, ‘புரொடெக்ட்’ என்று எழுதிக்காட்டி மௌனம் சாதிக்கிறது என்றால், பூட்டுக்குப் பேர்போன ஊரில் வந்து செட்டு தன்னைத்தானே பூட்டிக்கொண்டது என்று அறிக. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகி ஸ்பீக்கருக்கு நேர்மின்சாரம் பாயவிருந்ததைச் செட்டு உணர்ந்து ரிலேயை மூட மறுத்திருக்கலாம். அந்தப் பாதுகாப்பைத் தாண்டி ஒரு வயரை இழுத்துப் பாடவைக்கும் பண்டிதர்களும் உளர். அவர்களால் ஸ்பீக்கர் வியாபாரம் செழிக்கிறது. மாற்றுச் சாமானுக்கு நம் மெக்கானிக்குகள் நாடும் ‘5200-1943’ ஜோடி, 230 வோல்ட்டும் 15 ஆம்பியரும் தாங்கும் உத்தம ஜாதி. ஆனால் கடையில் கிடைப்பதில் அசலை விடப் போலியே மலிந்திருப்பதால், சென்னை ரிச்சித் தெருவிலிருந்து வந்தது என்பது ஒன்றே பிரமாணமாகாது. மாற்றியபின் மைக்காவும் பேஸ்டும் வைத்து, எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே மில்லிவோல்ட் பார்த்து பயாஸ் வைக்கவேண்டும்: 0.22 ஓமில் 5 மில்லிவோல்ட் என்றால் சுமார் 23 மில்லிஆம்பியர். மீட்டர் பார்க்காமல் “கை வச்சா சுடலையா, சரி” என்பது ஒரு சம்பிரதாயம்; நான் அதனை ஏற்கவில்லை.

மெதுவாக வைத்தால் ஒரு பக்கம் ஊமை, கூட்டினால் திடீரென்று பாடுகிறது என்றால் ரிலேயின் முனை கறுத்தது. வால்யூமைத் திருகினால் கரகரவென்றால் கிளீனர் ஸ்பிரே. இவற்றில் மேலும் ஆராய ஒன்றுமில்லை.

வாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முகப்பில் ஐந்து சேனலுக்கும் தலா 100 வாட் என்றும், பின்பக்கத்து ஒட்டுத்தாளில் மின் செலவு 240 வாட் என்றும் ஒரே பெட்டியில் எழுதியிருப்பதை வாசகர் காணலாம். 240ஐத் தின்று 500ஐக் கக்கும் யந்திரம் இன்னும் சிருஷ்டிக்கப்படவில்லை. ஒரு சேனலை மட்டும் ஓட்டி அளந்த கணக்கு அது. இதுவாவது அரைப் பொய். சந்தையில் விற்கும் சிறு டப்பாவின் மேல் பி.எம்.பி.ஓ. 3000 வாட் என்று போட்டிருப்பது முழுக்க முழுக்கக் காவியம். இத்தகைய வீரப்பிரதாபங்களை அடக்க அமெரிக்கர் 1974இலேயே விதி செய்துவிட்டனர்.

இனி மாற்றியமைத்தல். இதில் நம்மூரில் ஓங்கிய சம்பிரதாயம், முகப்பைச் சதுரமாக அறுத்து, சிவப்பெழுத்து மினுக்கும் புளூடூத் யூ.எஸ்.பி. போர்டைப் பதிப்பது. சப்ளையைச் செட்டிலிருந்தே 7805 வழியாக எடுத்து ஒட்டியதும் பாட்டு வரும். பாட்டு நின்ற இடத்தில் கொசுக் கூட்டம்போல் ஒரு ரீங்காரமும் வரும். போர்டும் செட்டும் ஒரே கிரவுண்டைப் பங்கிடுவதால் டிஜிட்டல் இரைச்சல் ஆடியோ வழியில் புகுகிறது. தனித்து நிற்கும் ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் ஒன்றை இடையில் வைத்தால் அடங்கும். ஆயினும் முகப்பை அறுத்தல் மகாபாதகம் என்பதே என் கட்சி. பின்பக்கத்தில் ஆக்ஸ் சாக்கெட் வெறுமனே இருக்க, மூக்கின்மேல் துளையிடுவானேன்?

மேலும் ஒரு மார்க்கம் உண்டு. அதைச் சொல்வார் குறைவு. எச்.டி.எம்.ஐ. ஒலியை டி.வி.யிலிருந்து திரும்பப் பெறும் ஏ.ஆர்.சி. 2009இல்தான் வந்தது, அதற்கு முந்திய செட்டுகளுக்குப் புது டி.வி.யோடு பேசத் தெரியாது என்று ஷோரூமில் அடித்துச் சொல்வர். ஆனால் 1983இல் தோஷிபா படைத்த ஆப்டிக்கல் சாக்கெட் அப்பழைய செட்டுகள் பலவற்றில் இருக்கிறது, புது டி.வி.க்கள் பலவற்றிலும் இருக்கிறது. விலை மலிந்த ஒரு ஆப்டிக்கல் வயரைச் செருகி, டி.வி. மெனுவில் டால்பி டிஜிட்டல் என்று வைத்தால், அறுப்பும் ஒட்டும் இன்றி 5.1 பிறக்கும். வயர் கண்ணாடிபோல் ஒளியையே கடத்துவதால் அதன் வழியே எர்த்து உறுமலும் வாராது.

ஆகவே திண்டுக்கல் வாசகர்களுக்கு என் விண்ணப்பம்: பழைய செட்டைத் தராசில் ஏற்றும் முன், அந்தச் சந்துக் கடைக்குக் கொண்டுபோய்ச் சீரிஸ் பல்பில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு மங்கினால் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். பூச்சாடிக்கு வேறு இடம் பாருங்கள்.