நானோ கேள்விகள், நேர் பதில்கள்

தெற்கு மாட வீதி வாசகி, மயிலாப்பூர்
கே: நானோ மருந்து என்றால் பொடிசு என்கிறார்களே, பில் மட்டும் ஏன் இவ்வளவு பெரிசு?

ப: பில்லை நானோவில் அடிக்கும் பிரிண்டர் இன்னும் வரவில்லை, மாமி! டாக்ஸோரூபிசின் என்று ஒரு கீமோ மருந்து. குழாயில் இறங்கும்போதே செக்கச்செவேலென்று இருக்கும். புற்றணுவைக் கொல்லும், அளவு கூடினால் இதயத்தையும் பதம் பார்க்கும். அதனால் அதைச் சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழிக்குள் அடைத்தார்கள். தலைமுடியின் தடிமனில் அது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். அமெரிக்கா 1995-இல் இதற்கு அனுமதி கொடுத்தது. இதயத்துக்கு வரும் சேதம் குறைந்தது. நீங்கள் காசு கொடுப்பது அந்தக் குமிழிக்கும் சேர்த்துத்தான்.

உஸ்மான் ரோடு வாசகர், தி.நகர்
கே: குறி தவறாமல் கட்டியை மட்டும் தாக்குமாமே?

ப: விளம்பரத்தில் தாக்கும். கட்டி தனக்காக அவசர அவசரமாக இழுத்துக்கொள்ளும் ரத்தக் குழாய்களில் இடுக்குகள் அதிகம். குமிழி அவற்றின் வழியே கசிந்து உள்ளே தங்கும் என்று ஜப்பானில் மட்சுமுராவும் மேடாவும் 1986-இல் சொன்னார்கள். சரிதான். ஆனால் எவ்வளவு? பத்து வருட ஆய்வுகளை டொரண்டோ ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் கூட்டிப் பார்த்தபோது, செலுத்திய நானோ துகள்களில் விலங்குகளின் கட்டிக்குள் போனது 0.7 சதவீதம். தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவுக்கு ஆயிரம் பேரை அனுப்பி, ஏழு பேர் மட்டும் சொன்ன கடைக்குப் போய்ச் சேர்ந்த கணக்கு. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

காந்தி நகர் வாசகி, அடையாறு
கே: குமிழிக்குள் அடைத்துவிட்டால் பக்கவிளைவே இல்லையா?

ப: முடி கொட்டுவது குறையும். அதற்குப் பதிலாக உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியலாம். கொஞ்ச நாளைக்குச் சுடுதண்ணீரும் இறுக்கமான செருப்பும் வேண்டாம். எரிச்சல் தொடங்கியதுமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதற்கு யாரும் பதக்கம் தருவதில்லை.

மந்தைவெளி வாசகர்
கே: எல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே?

ப: 2012-இல் அமெரிக்காவில் இந்தக் குமிழி மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நம்ம சன் பார்மாவின் ‘லிப்போடாக்ஸ்’தான் அங்கே போயிற்று. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

பெசன்ட் நகர் வாசகர்
கே: ‘நானோ மஞ்சள்’ மாத்திரை புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று வாட்ஸப்பில் வந்ததே?

ப: வாட்ஸப்பில் வராத வைத்தியம் ஏது? மஞ்சளை எவ்வளவு பொடியாக்கினாலும் அது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு நிரூபணம் இல்லை. மாத்திரைக் காசில் ஆட்டோ பிடித்து அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம். மஞ்சளைச் சாம்பாரில் போடுங்கள். கீமோவை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.