2,800 வெள்ளி எக்ஸிகியூட்டிவ்

சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாது என்று என் அக்கா மகளின் வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதாம். கிள்ளானில் அக்கா வீட்டு வரிசையில் கடைசி வீட்டு ஆயாவுக்குக்கூட அது 2,800 வெள்ளி என்று தெரியும். அக்காவே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். என்ன வேலை என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. பதவி, பிராண்ட் எக்ஸிகியூட்டிவ். ஒரு ஷாம்பூவை அவள் பார்த்துக்கொள்கிறாள். தயாரிப்பதில்லை, விற்பதில்லை, பார்த்துக்கொள்கிறாள். "ஏன், அதுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மச்சான் கேட்டார்.

நான் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். அதனால் முதல் சம்பளச் சீட்டு என்னிடம்தான் வந்தது. இபிஎஃப் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதில் 308 வெள்ளி போயிற்று. சொக்சோ காப்புறுதி கொஞ்சம் சில்லறையைக் கொறித்தது. படிக்க வாங்கிய பிடிபிடிஎன் கடன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் தனியாள் ஒருவர் ஓரளவு மரியாதையோடு வாழ மாதம் 2,700 வெள்ளி வேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஒரு கணக்குச் சொன்னதுண்டு. அதுவும் 2016-ஆம் ஆண்டு விலைவாசியை வைத்து. இவள் கைக்கு வருவது 2,500-ஐத் தொடவில்லை. ஆகவே கிள்ளானிலேயே இருந்துகொண்டு தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருகிறாள். மரியாதையில் குறைகிற 200 சொச்சம் வெள்ளியை அக்கா சோறாகப் போடுகிறாள்.

2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அப்படிப் பார்த்தால் பட்டப்படிப்பின் விலை மாதம் 1,100 வெள்ளி. நான் இதையெல்லாம் அக்காவிடம் விளக்கி முடித்ததும் அவள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஷாம்பூ சும்மா கொடுப்பாங்கதானே?" என்றாள்.

எதிர்காலம் பிரகாசமாம். எக்ஸிகியூட்டிவுக்குப் பிறகு சீனியர் எக்ஸிகியூட்டிவ், அப்புறம் அசிஸ்டன்ட் பிராண்ட் மேனேஜர், அதற்கும் மேலே பிராண்ட் மேனேஜர். ஒரே கம்பெனியில் உட்கார்ந்திருந்தால் பெயர் நீளும், சம்பளம் நீளாது. வேறு கம்பெனிக்குத் தாவினால்தான் சம்பளமும் தாவும். அதனால் ஜனங்கள் ஆயுசுக்கும் ஒரே ஷாம்பூவை விட்டு மாறக்கூடாது என்று பாடுபடுகிறவர்கள், தாங்கள் மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய பன்னாட்டு நிறுவனங்களில் மேனேஜ்மென்ட் ட்ரெய்னியாக நுழைந்தால் தொடக்கமே நல்ல சம்பளம். ஆனால் அந்த நாற்காலிகள் கொஞ்சம், கேட்பவர்கள் கூட்டம். விளம்பர ஏஜென்சிக்குப் போனால் இரவு பத்து மணிக்கு மேல் நல்ல நல்ல யோசனைகள் வரும், சம்பளம் வராது. கடைசியில் எல்லாரும் பார்ப்பது சிங்கப்பூரை. அங்கே வாங்குகிற ஒவ்வொரு வெள்ளியும் இங்கே மூன்றுக்கு மேல்.

எங்களைச் சமாதானப்படுத்த அக்கா மகள் ஒரு கதை சொன்னாள். 1931-இல் அமெரிக்காவில் புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் நீல் மெக்கெல்ராய் என்ற இளைஞர் கேமே சோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கம்பெனியின் ஐவரி சோப்பு இவருடையதை அமுக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சோப்புக்கும் தனியாக ஓர் ஆள் வேண்டும் என்று மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். இந்த வேலையே அங்கேதான் பிறந்ததாம். பிறகு அதே கம்பெனிக்குத் தலைவராகி, 1957-இல் ஐசனோவர் அரசாங்கத்தில் பாதுகாப்பு அமைச்சரும் ஆனார். சோப்பிலிருந்து பீரங்கிக்கு! மச்சான் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ டத்தோ பட்டம் கிடைக்க வாய்ப்பிருக்குன்னு சொல்லு."

எனக்கென்னவோ இந்த வித்தைக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை என்றுதான் படுகிறது. இந்திய முஸ்லிம் வியாபாரிகள் 1863-இல் எழுப்பிய பள்ளிவாசலால் பேர் பெற்ற எங்கள் தெருவில், நடைபாதை மருந்து வியாபாரி ஒருவர் மைக்கும் கையுமாக நிற்பார். பக்கத்தில் ஒரு மூடிய பெட்டி. உள்ளே பாம்பு, இதோ திறக்கப் போகிறேன் என்பார். அரை மணி நேரம் திறக்க மாட்டார். அதற்குள் தொங்காட் அலி, தைலம், மூலத்துக்கு வேர் எல்லாம் விற்றுவிடும். பெட்டியில் பாம்பு இருந்ததா என்று கேட்க வாங்கினவனுக்கும் தோன்றாது. இதற்குத்தான் அக்கா மகளின் கம்பெனி ஓர் ஏஜென்சியை வைத்து, மூன்று மாதம் கூட்டம் போட்டு, நாற்பது பக்கத்துக்குப் படம் காட்டுகிறது.

எங்கள் கடை வாசலில் நிற்கும் பாய் இன்னும் ஒரு படி மேல். யாரையும் வாங்கச் சொல்ல மாட்டார். "மாரி காக், தெங்ஙோ டுலு. தா பெலி தா அப்பா." வாங்காவிட்டாலும் பரவாயில்லை என்று இப்படி வாய் நிறையச் சொல்கிற கடையில் வாங்காமல் போக யாருக்கு மனம் வரும்? சேலையில் ஒட்டியிருப்பது 180, வாயில் வருவது 150, கடைசியில் 95. வாங்கினவர் 85 வெள்ளியைச் சம்பாதித்த முகத்தோடு மஸ்ஜித் ஜாமெக் ஸ்டேஷனுக்கு நடப்பார்.

தீபாவளிக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, வாடிக்கையாளர் மனத்தை ஆராய வேண்டும் என்று அக்கா மகள் கையில் நோட்டோடு கடைக்கு வந்தாள். பாய் அவளிடம் எதையும் விற்க முயலவில்லை. "நீ ஆராய்ச்சி பண்ணும்மா, நான் சும்மா விரிச்சுக் காட்டுறேன்" என்றார். ஒரு மணி நேரத்தில் அவளிடம் மூன்று சேலைகள் இருந்தன. நோட்டு காலி.

"எப்படி பாய் இது?" என்று கேட்டாள்.

"அதை விடு. நீ ஒரு ஷாம்பூ வித்தா உனக்கு எவ்வளவு கமிஷன்?"

"கமிஷன்லாம் கிடையாது பாய். கம்பெனி டார்கெட்டைத் தொட்டா வருஷக் கடைசியில போனஸ்."

"தொடலைன்னா?"

அவள் பேசவில்லை. பாய் அவளை மேலும் கீழும் பார்த்தார். விலை பேசி முடித்த பிறகு ஒரு சென்கூடக் குறைக்காத மனிதர், தாமாகவே பத்து வெள்ளியைக் குறைத்து என்னிடம் பில் போடச் சொன்னார். முதலாளி கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே. நான் அதை விளம்பரச் செலவில் எழுதி வைத்தேன்.